வேரோடு வந்தது

ஜூன் கடைசியில் யூஃபுட்ஸு சதுப்பில்
மூன்றரைக்கே விடிந்துவிடுகிறது.
நான் எண்ண வந்தவள்.
மஞ்சள் மார்பு, குறுக்கே
பழுப்புக் கயிறு கட்டினாற்போல் ஒரு கோடு:
ஷிமா-அவோஜி.
நாணல் நுனியில் உட்கார்ந்து
காற்றாட, தானும் ஆடிப் பாடும்.
பாடும் என்றுதான் கையேட்டில் இருக்கிறது.

ஐந்து மணி நேரம்.
குயில் கூவியது. வானம்பாடி ஓயவில்லை.
என் தாளில் அந்த ஒரு கட்டம் மட்டும்
வெள்ளையாகவே கிடந்தது.
பூஜ்யம் போட மனமில்லை.

திரும்பும் வழியில் இவாபுச்சி டோக்கியேயின் தோட்டம்.
ஹஸ்காப் பழுத்துத் தொங்குகிறது,
நாவல் நிறம், விரல்நுனி நீளம்,
மேலே திருநீறு பூசியதுபோல் ஒரு பொடி.
"காட்டுச் செடிதான். தொழிற்பேட்டைக்கு
மண் கொட்டின வருஷம்
புல்டோசருக்கு முன்னாடி ஓடித் தோண்டினோம்.
முப்பத்தெட்டுப் புதர், ஈரச் சாக்கில் வேர்.
முதல் பனியிலே பாதி போச்சு.
மிச்சம் இதெல்லாம்."
கையை வீசிக் காட்டினாள், பதினோரு வரிசை.

இரண்டையும் தின்றோம் என்று நினைத்துக்கொண்டேன்.
பழத்தைத் தின்ற வாய் செடியை நட்டது.
குருவியைத் தின்ற வாய்
தெற்கே நாணல்காட்டில் வலை கட்டியது,
மூட்டை மூட்டையாய்.
இல்லை, இது சௌகரியமான கணக்கு.
இந்தச் சதுப்பை மூடியது வலை அல்ல.
அப்பா அங்கே கிரேன் ஓட்டினார்.
அந்தச் சம்பளத்தில் வந்ததுதான்
என் முதல் பைனாகுலர்.

"உன் குருவியையும்
அப்பவே தோண்டி எடுத்திருக்கலாமே"
என்றாள் டோக்கியே, சிரிக்காமல்.

கூடு தரையில்தான், புதரடியில்,
ஒரு கைப்பிடிக் காய்ந்த புல்.
அதைத் தோண்டலாம்.
வேர் அங்கே இல்லை.
ஒரு முனை இங்கே, மறுமுனை
கடல் தாண்டி ஏதோ நெல்வயலில்;
நடுவில் எங்கே வெட்டினாலும் பட்டுப்போகும்.
அவ்வளவு நீள வேருக்குச் சாக்கு ஏது?

சொல்லவில்லை. பசித்தது.
சோற்று உருண்டை கொடுத்தாள்,
உள்ளே உப்பிட்ட ஹஸ்காப்.
புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

தாளை மடிக்கும்போதுதான் பார்த்தேன்:
வெள்ளைக் கட்டத்தில் என் கட்டைவிரல்,
ஊதாவாக, ரேகைகளோடு.
நாளை அலுவலகத்தில் கேட்பார்கள்,
இது எண்ணா, கறையா என்று.