மூன்றாம் வகை

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில்
இரவு இரண்டுக்கு மேல் பால் வண்டிகள் இடைவெளி விட்டுத்தான் வரும்.
அந்த இடைவெளியில் நான் இஃப் படிக்கிறேன்.

பொள்ளாச்சிப் பழைய புத்தகக் கடையில் எடுத்த பயிற்சி நூல்.
முன்பு வைத்திருந்தவர் கோடிட்ட இடங்களையெல்லாம்
பென்சிலால் நிரப்பிவிட்டார், பெரும்பாலும் தப்பாக.
அவரை அழித்துவிட்டுத்தான் நான் உட்கார வேண்டும்.

பூஜ்ஜிய வகை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
ரோசாலிக் அமிலம் விட்டு ரோஜா நிறம் வந்தால்
பாலில் சோடா.
சோடா இருந்தால் வண்டி திரும்பும்.
இரண்டு பக்கமும் நிகழ்காலம். யாருக்கும் வருத்தமில்லை.

ஆங்கிலத்தில் இஃப் வாசலிலேயே நிற்கிறது,
காக்கிச்சட்டை போட்டுக் கையை நீட்டி.
நமக்கு அது வினையின் வாலில் ஓர் ஆல்.
ரம்லத் 'வன்னால்' என்கிறாள், நான் 'வந்தால்' என்கிறேன்.
தக்காளிக்கும் கோழிக்கும் சீட்டுக் கேட்கும் இந்தச் சாவடியை
சீட்டில்லாமல் கடக்கிற ஒரே சரக்கு.

இரண்டாம் வகை: நான் பறவையாக இருந்தால்.
எல்லா இலக்கண நூலிலும் யாராவது பறவையாகிறார்கள்.
புரட்டினேன்.

மூன்றாவதில் நின்றுவிட்டேன்.

ஆடிக்காற்று கூரைத்தகட்டை அடித்துக்கொண்டிருந்த இரவு.
வெள்ளிங்கிரியின் டேங்கர், பன்னிரண்டாயிரம் லிட்டர்.
குழாயில் ரோஜா நிறம். திருப்பி அனுப்பினேன்.
அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை,
ரிவர்ஸ் எடுக்கையில் கிளீனர் பையனைத்தான் திட்டினார்.
விடியுமுன் மிச்ச மாதிரியை வேறு குழாயில் விட்டுப் பார்த்தேன்.
பழுப்பு. நல்ல பால்.
பழைய குழாயின் உள்ளே விரல் விட்டால்
கழுவுகிற சோடாவின் வழவழப்பு.

குழாய் சுத்தமாக இருந்திருந்தால்.
இரு, இரு என்று இரண்டு முறை சொல்கிறது தமிழ்.
வண்டி அதற்குள் ஆனைமலை தாண்டிவிட்டது.

பதிவேட்டில் நிராகரிப்பு என்றே இருக்கிறது, கீழே என் கையெழுத்து.

போன வாரம் வெள்ளிங்கிரி வந்தார்,
யாருடைய மினி வேனிலோ இளநீர் ஏற்றிக்கொண்டு.
டேங்கர் வேலை போயிற்று என்று கேட்காமலே சொன்னார்.
"அன்னிக்குப் பால்ல எவனோ கலந்துட்டானுங்க.
நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

சொன்னா.
ஒரு ல் கூட இல்லை அதில், பிடித்துக்கொள்ள.

பயிற்சி நூலில், பக்கம் எழுபத்தொன்றில்,
'நான் அந்தப் பாத்திரத்தைக் கழுவி' என்று வர வேண்டிய இடத்தில்
முன்னவர் 'கழுவுவேன்' என்று எதிர்காலத்தில் எழுதியிருக்கிறார்.
முழுத் தப்பு.
அதை மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஹாரன்.
குழாயை மூன்று முறை அலசியாயிற்று.
இன்னொரு முறை அலசுகிறேன்.