நாலாம் நம்பர் கம்ப்ரெசர்

சித்திரை. போச்சம்பள்ளி சாலையில் தார் இளகி
செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் மைனஸ் இருபத்திநாலு.
நடுவில் ஒரே ஒரு கதவு,
அதன் ரப்பர் உதட்டில் எந்நேரமும் உறைபனி.

கதவுக்கு இருபதடி தள்ளி என் அடுப்பு.
மாம்பழ ஆலையின் மெஸ் என் பேரில் ஓடுகிறது:
குந்தியம்மா, ஒப்பந்தம் பதினோரு மாதம்.
தலைக்கு ஒரு களி உருண்டை,
கொள்ளுக் குழம்பு ஒரு கரண்டி
என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

தாள் குளிர் அறைக்குள் போனதில்லை.

திம்மராயன் போகிறான்.
இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல்
வேறு யாருக்கோ தைத்த கம்பெனி கோட்டு.
நாற்பது நிமிடம் உள்ளே, இருபது நிமிடம் வெளியே.
உள்ளே அல்போன்சா துண்டுகள் கூழாங்கல்லாகிப்
பெட்டியில் கலகலக்கும்.
பேசினால் சொல்லுக்கு முன்னால் மூச்சு வந்து விழுமாம்.
வெளியே வரும்போது புருவம் நரைத்திருக்கும்,
இருபத்தாறு வயதில் கிழவன்.
வேப்பமரத்தடி வெயிலில் நின்று
சொட்டுச் சொட்டாகத் திரும்பவும் இளைஞனாவான்.

பிறகு சாப்பிடுவான்.
பசி எனக்குத் தெரியும். இது பசி இல்லை,
தவணை தவறியவன் வாசலில்
ஆள் வந்து நிற்பது மாதிரி.
களியை விண்டு குழம்பில் தோய்க்கும் விரல்கள்
தாமாகவே தந்தி அடிக்கும்.
'நடுங்குறதும் வேலைதான்க்கா,
சும்மா நின்னாலும் உடம்பு உள்ளுக்குள்ள மூட்டை தூக்குது'
என்றாள் ஆலை நர்சு பவளக்கொடி.
அவள் சொல்வதற்கு ஒரு வாரம் முன்பே
என் களிப்பானை சொல்லிவிட்டது.

சேர்ந்த அன்று ஓர் உருண்டை.
பத்தாம் நாள் இரண்டு.
வைகாசி முடிவதற்குள் மூன்று, கூடவே வெல்லம்.
அப்படியும் அவன் பெல்ட்டில்
ஆணியால் அடித்த புது ஓட்டை.

சேலத்திலிருந்து மின்சாரக் கணக்குப் பார்க்க ஒருவர் வந்தார்.
மூன்று கம்ப்ரெசர் கேபிளிலும் கிடுக்கி மாட்டி
எண்களைக் குறித்தார்.
கதவு ஒருமுறை திறந்தால் எவ்வளவு வீண் என்று
கால்குலேட்டரைத் தட்டி, உச்சுக் கொட்டினார்.
குளிரை உண்டாக்க ஆகும் செலவு
பைசா சுத்தமாக வந்துவிட்டது.
குளிரைத் தாங்க ஆகும் செலவை
அவர் கேட்கவில்லை.
ரசம் மட்டும் இன்னொரு கரண்டி கேட்டார்.

மறுநாள் மேலாளர்:
'ராகி ரொம்பப் போகுது. குறைங்க.'

குறைத்தேன், சாப்பாட்டுக் கணக்கில்.
பில்லின் பின்பக்கம் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:
கம்ப்ரெசர் நம்பர் நாலு, எரிபொருள்,
மாதம் நாற்பது கிலோ.
ஆபீசில் இரண்டு மாதம் ஒரு கேள்வி இல்லை.
எந்திரத்துக்கு என்றால் கையெழுத்து சீக்கிரம் விழுகிறது.

ஆடியில் மேலாளருக்கு உறைத்தது.
பில்லைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு
ஆலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
'நமக்கு இருக்கிறதே மூணு.
நாலாவது எங்கம்மா இருக்கு?'

கரண்டியால் காட்டினேன்.
வேப்பமரத்தடியில் கோட்டிலிருந்து புகை எழ,
தட்டிலிருந்தும் ஆவி எழ,
இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது அது.

தலையை நிமிர்த்தி,
வாய் நிறையக் களியோடு சொன்னது:
'யக்கா, குழம்புல உப்பு கம்மி.'