காதுமடலில் ஒரு துளி

மெரோக்கர், நவம்பர். மூன்று மணிக்கே இருட்டு.
சாய்த்து வைத்த ஓடுபட்டையில்
சக்கரச் சறுக்குப் பலகை கடகடக்க
ஏறுகிறாள் சுன்னிவா.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தம்.
வியர்வை துடைத்து, காதுமடலில் குத்தி
கடுகளவு ரத்தம் எடுக்கிறான் ஐவிண்ட்.
ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்று புள்ளி மூன்று.
இன்னும் சாய்த்தும்
இரண்டைத் தொடவில்லை லாக்டேட்.

"பார்த்தாயா!" என்கிறாள், இரைத்தபடி.
தொடை நடுங்குவதைத்தான்
அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேற்று ஓய்வுதானே?"
"ஓய்வுதான்."
"விறகே இல்லாத அடுப்பு, சுன்னிவா.
புகை எங்கிருந்து வரும்?"

பட்டை மெல்ல ஓய்கிறது.
நாற்பது கிலோமீட்டர், என்கிறாள்
காலணிக் கொக்கியிடம். முந்தாநாளும்.

அவன் எண்களை அடிக்கவில்லை.
ஓரத்தில் எழுதினான்:
உருளைக்கிழங்கு, நிறைய.
தூக்கம்.