பதினான்கு விசில்கள்: முதலாம் பாகம்

முதல் அத்தியாயத்திலேயே
ஒரு பிணம் விழவேண்டும் என்றார்
பதிப்பாளர் பத்மசொரூபன்.
துப்பறியும் தொடர் என்றால் அதுதானாம் முறை.
நானும் வெள்ளவத்தையில்
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
ஏழு மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி
லிஃப்டுக்குள் ஒருவரைக் கிடத்தியும் விட்டேன்.

கப்டன் எவாஞ்சலின் இராசநாயகம் வந்து பார்த்தார்.
"இவரை எழும்பச் சொல்லும்.
சனம் பாண் வாங்கப் போகவேண்டாமோ?"
பிணம் வெட்கப்பட்டு
சேட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

இருபத்திரண்டு வருடம் விமானம் ஓட்டியவர்.
காது டொக்டர் ஒருநாள்
இடது பக்கம் எதையோ ஊதிப் பார்த்துவிட்டு
ஒரு தாளில் கையெழுத்து வைத்தார்.
அவ்வளவுதான், தரை.
இப்போது தேத்தண்ணிக்கும் அவரிடம்
சரிபார்ப்புப் பட்டியல் உண்டு:
கேத்தல், சரி. தண்ணி, சரி.
சீனி...
(யன்னல் பக்கம் ஒருமுறை பார்க்கிறார்)
சரி.

"பிணம் இல்லாமல் என்னத்தைத் துப்பறிவீர்கள்?"
என்றேன், பேனையை மூடி.
நல்ல காதைச் சமையலறைப் பக்கம் திருப்பினார்.
"ஏதும் கேட்குதா?"
"இல்லையே."
"காலமை ஆறரை. பதினாலு வீடு.
ஒரு குக்கர்கூடக் கூவேல்லை.
அதுதான் வழக்கு."

உண்மைதான்.
பதினான்கு குக்கர்களின் தலையிலிருந்தும்
விசில் காணாமல் போயிருந்தது.
மூன்றாம் மாடிக் குலவீரசிங்கம் அம்மா
மேல்வீட்டுக்காரியைச் சந்தேகித்தார்.
ஃபஸ்லூன் ஆன்ரியின் ஆட்டிறைச்சி
நேற்று மத்தியானத்திலிருந்து வேகிறது.
வாசல் காவலாளி சுமணபால
தண்ணீர்த் தாங்கிப் பேயென்று
பதிவுப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதினார்.

கப்டன் எவரையும் குறுக்கு விசாரணை செய்யவில்லை.
எந்த யன்னலால் சத்தம் வெளியே போகும்
என்று மட்டும் கேட்டுக்கேட்டு
லைட் பில்லின் பின்பக்கம் கோடு கீறினார்.
"வானத்திலை வழி தவறினால்
ரெண்டு பக்கத்தாலை கோடு இழுப்பம்.
வெட்டுற இடத்திலை நாங்கள் நிப்பம்.
இது பதினாலு கோடு.
வெட்டுற இடத்திலை கள்ளன் நிப்பான்."

நாலாம் மாடி. காற்றுக்கூண்டைப் பார்த்த சின்ன அறை.
சுவர் முழுக்க வகையீடும் தொகையீடும்.
உயர்தரப் பரீட்சைக்குப் பத்தொன்பது நாள்.
அம்மா தந்த வடைத்தட்டோடு
வீடுவீடாய்ப் போய்வந்த நல்ல பிள்ளை அபிராஜ்
கட்டிலுக்கடியிலிருந்து
பிஸ்கற் பேணியை இழுத்தான்.
கூவிக்கூவித் தன் மண்டையைக் கொன்றவை எல்லாம்
அதற்குள் சத்தமில்லாமல் கிடந்தன.

கப்டன் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை.
மறுநாள் லிஃப்ட் கதவில் ஓர் அறிவித்தல்:
"ஓடுபாதையில் திருத்தவேலை.
பத்தொன்பது நாட்களுக்கு
காலை பத்துக்கு முன் எவரும் கூவக்கூடாது."
ஏனென்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை,
கையெழுத்துக்குக் கீழே கப்டன் என்றிருந்ததால்.

பிணமே இல்லாத புத்தகம்.
பத்மசொரூபன் பெருமூச்சு விட்டார்.
"சரி, இரண்டாம் பாகத்துக்கு என்ன இருக்கு?"

பேணியில் இருந்தவை பதின்மூன்று.
"சத்தியமா அவ்வளவுதான் ஆன்ரி" என்கிறான் அபிராஜ்.
கப்டன் மறுபடியும் எண்ணுகிறார்,
பட்டியலில் ஒரு வரி சரியாகாமல் நிற்கிறது.
கரையோர ரயில் போக யன்னல் நடுங்குகிறது,
கடற்காற்று அடிக்கிறது.
என் மேசையில்
எழுதிய தாள்கள் ஒன்றும் பறக்கவில்லை,
மேலே சின்னதாய்க் கனமாய் ஒன்று
உட்கார்ந்திருப்பதால்.

கதவு தட்டும் சத்தம்.