அழுங்கு

உதயநகர் கிழக்கு. விடியற்காலை மூன்று மணி.
குளியலறை வாளிக்கும் சுவருக்கும் நடுவே
நேற்றுவரை இல்லாத ஒன்று.

உருண்டை. கைப்பந்து அளவு.
விளக்காத பித்தளை நிறத்தில்
ஓடு மேல் ஓடாக அடுக்கியிருந்தது.
பலாக்காய் என்றால் முள் இல்லை.
தேங்காய் என்றால்
இத்தனை ஒழுங்கு தேங்காய்க்கு ஏது?

வந்த முதல் வாரம் தொழிற்சாலையில்
பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள்.
ஊசி உடைந்தால் கடைசித் துண்டு வரை தேடு.
தீப்பிடித்தால் இந்த வாசல்.
பிறகு, குரல் மாறாமல்:
தெரியாத பொருளைத் தொடாதே, உதைக்காதே,
வந்த வழியே திரும்பு.

திரும்பினேன்.
வந்த வழி என்பது நாலடி சிமெண்ட் தரை.
அதற்கும் பின்னால் ஏ நைன் வீதி பஸ், கட்டுநாயக்கா,
மதுரை விமானம், ராஜபாளையத்தில் எங்கள் தெரு.
அத்தனையையும் முதுகாலேயே
நடந்து முடித்துவிடலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டு யோகமலர்
ஏழு வருசம் முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றியவள்.
இப்போது ஆறாம் லைனில் காலர் தைக்கிறாள்.
அந்தக் காலரை அளந்து
இரண்டு மில்லிமீட்டருக்காகத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
வேறு யாரையும் எனக்கு அந்த நேரத்தில் தெரியாது.
வேலிக்கு மேலால் கூப்பிட்டேன்.

நைட்டிக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு வந்தாள்.
எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.
"வெளியில போய் நில்லுங்கோ, மிஸ்."

முழங்காலில் இருந்தாள்.
போன் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகச் சாய்த்தாள்.
வலக்கை தன்பாட்டில் காற்றில் எதையோ பிடித்தது,
முப்பது பாகைச் சாய்வில்,
அங்கே இல்லாத ஒரு கம்பியை.
அப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.
குழாய் சொட்டியது.
குளத்துப் பக்கம் ஆட்காட்டி ஒன்று கத்தி ஓய்ந்தது.

"மூச்சு விடுது."

நான் எறும்புதின்னி என்றேன்,
நாலாம் வகுப்புப் பாடப் படத்தை நினைத்துக்கொண்டு.
அவள் அழுங்கு என்றாள்,
படம் எதையும் நினைக்காமல்.
எங்கள் ஊரில் விடாப்பிடிக்கு உடும்பு.
இங்கே அழுங்கு.
பிடி ஒன்றுதான், மிருகம்தான் மாறியிருக்கிறது.

கதவின் அடிப்பலகையை விரலால் தட்டினாள்.
மாவாய் உதிர்ந்தது.
"கறையானுக்கு வந்திருக்கு.
உங்கட இந்தியா கட்டித் தந்த வீடெல்லோ,
கதவில பாதி ஏற்கெனவே முடிஞ்சுது."
சுவிஸில் இருக்கும் வீட்டுக்காரர் சார்பிலும்
என் தேசத்தின் சார்பிலும்
மன்னிப்புக் கேட்டேன்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.
விடிஞ்சா இறைச்சிக்கு விலை பேச வருவாங்கள்.
செதிலுக்கு வேற ஆக்கள்."

லைட்டை அணைத்தோம். பின்கதவைத் திறந்து வைத்தோம்.
படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம்.
சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கியபடி
இருட்டைப் பார்த்துச் சொன்னாள்:
"பார்க்கேக்க கை நடுங்கேல்ல.
மூச்சு விடுது எண்ட பிறகுதான்."
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

ஐந்து மணிவாக்கில் உருண்டை அவிழ்ந்தது.
முதலில் மூக்கு. ரொம்ப நேரம் மூக்கு மட்டும்.
பிறகு முன்கால் நகங்களை உள்ளே மடக்கி,
கடன் கேட்க வந்தவர் கை பிசைவது போல
எங்களைக் கடந்து,
வாலால் செம்மண்ணில் ஒரு கோடிழுத்து
வேலிக்கு அடியால் போனது.
யோகமலர் எழுந்து போய்
அந்தக் கோட்டைக் காலால் அழித்தாள்.

ஏழு மணி. ஆறாம் லைன்.
காலர் இரண்டு மில்லிமீட்டர் கூட.
கொஞ்சம் யோசித்தேன். திருப்பி அனுப்பினேன்.

பிரித்தாள். மறுபடி தைத்தாள்.
"அழுங்குப்பிடி" என்றாள்,
ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.