பன்னிரண்டு புள்ளி நான்கு

மூடி துருவேறிய ஜாம் பாட்டிலில்
எங்கள் கிணற்றை எடுத்துக்கொண்டு போனேன்.
ரக்பி கிளப் கூடத்தில் நீள மேசை.
டெல்வின் ஒவ்வொன்றாகத் திறந்து
கருவியின் வாயில் சொட்டு விடுகிறாள்.
எனக்கு முன்னால் ரோமுலோ,
பிலிப்பைன்ஸிலிருந்து பால் கறக்க வந்தவன்.
கன்றுக்கு ஊட்டும் ரப்பர்க் காம்புப் புட்டியில்
தன் குடியிருப்புக் குழாய்த் தண்ணீர்.
வேறு கிடைக்கவில்லை என்று சிரித்தான்.
மற்றபடி யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
எல்லோருக்கும் எல்லோர் வயலும் தெரியும்.

நான் யூரியா லாரி ஓட்டுகிறவன்.
கான்டர்பரி சமவெளியில் இருபத்துமூன்று வருஷம்.
பின்னால் இரண்டு தட்டுகள் சுழல,
காற்றடங்கிய காலையில்
வெள்ளைக் குருணை விசிறி விழும்.
பத்து நாள் கழித்துப் போனால்
புல் பூட்ஸை மறைக்கும்.
அந்தப் பச்சை என்னுடையது என்று
மதுக்கடையில் மார்தட்டியிருக்கிறேன்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்.
இழுத்த மூச்சில் உள்ளே வந்து
விட்ட மூச்சில் அப்படியே திரும்பிப் போகிறது,
வீடு மாறி வந்த விருந்தாளி
ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவதுபோல.
புல்லுக்கும் அதே கதிதான்.
வானம் முழுக்கச் சோறு,
தின்ன வாயில்லை.

குளோவருக்கு மட்டும் ஒரு வழி தெரியும்.
பிடுங்கிப் பாருங்கள், வேரில் கடுகளவு முண்டுகள்.
நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்காத ஈறுபோல.
கண்ணுக்குத் தெரியாத குடித்தனக்காரர்கள்
காற்றைச் சமைத்து வாடகை கட்டுகிறார்கள்.
நான் கொட்டக் கொட்ட அது கை ஓய்ந்தது.
சும்மா கிடைக்கும்போது யார் உலை வைப்பார்கள்?
புல் உயர்ந்து அதன்மேல் நிழலைப் போட்டது.
பிறகு குளோவர் இல்லை.
பிறகு என் லாரி இல்லாமல் ஆகாது.
எனக்கு வேலை நிரந்தரமானது இப்படித்தான்.

பசு தின்ற தழைச்சத்தில்
மடிக்குப் போவது கொஞ்சம்.
மிச்சம், நின்ற இடத்தில், வாலைத் தூக்கி,
ஒரு தடுக்கு அகலத்துக்கு.
வருஷக்கணக்கில் தின்ன வேண்டியது
அரை நிமிஷத்தில் பரிமாறியாயிற்று.
மேய்ச்சல் முழுக்கக் கரும்பச்சைப் பொட்டு.
புல் எவ்வளவுதான் தின்னும்,
அதுவும் ஜூன் குளிரில், தூக்கத்தில்?
மழை மீதியை இறக்கிக்கொண்டு போகிறது.
எங்களுக்குக் கீழே களிமண் இல்லை.
ரக்காயா ஆறு தடம் மாறும்போது விட்டுப்போன கூழாங்கற்கள்.
கல்லுக்கு எதையும் பிடித்துவைக்கத் தெரியாது.

டெல்வின் எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை.
சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தாள்.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
பதினொன்று புள்ளி மூன்றைத் தாண்டக் கூடாதாம்.
"வீட்டில் கைக்குழந்தை உண்டா?"
வரப்போகிறது என்றேன்.
"பால்மாவு கரைக்க இதை எடுக்காதீர்கள்.
கொதிக்கவைத்தாலும் போகாது,
இன்னும் இறுகும்."

நான் முதல் லாரி எடுத்தபோது
என் மகள் ராவினியாவுக்கு ஆறு வயது.
தட்டுகள் சுழல்வதைப் பார்க்க
வேலியில் ஏறி நின்று கையாட்டுவாள்.
அன்றைக்கு விழுந்த குருணைதானா இது?
கல்லுக்குக் கல் இறங்கி, யாரையும் அவசரப்படுத்தாமல்,
அவளுக்கு ஏழாம் மாதம் என்று தெரிந்து வந்ததுபோல?
தண்ணீருக்கு வயது பார்க்கலாமாம், தனிக் கட்டணம்.
நான் கேட்கவில்லை.

வண்டியில் உட்கார்ந்து
பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
அதன் வழியே மலை தெரிந்தது, பனியோடு, தலைகீழாக.
கலங்கியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.
நாற்றமில்லை. நிறமில்லை.
ஒரு மிடறு குடித்தேன்.
நல்ல தண்ணீரின் ருசி.

கடையில் இருபது லிட்டர் கேன் வாங்கி
பின்சீட்டில், ராவினியா முன்கூட்டியே மாட்டிவைத்த
குழந்தை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்து
பெல்ட் போட்டேன்.
கைபேசியில் மர்டோ:
நாளை ஆறு மணி, தெற்கு வயல், நான்கு டன்,
மதியம் மழை வருகிறது, சரிதானே?

வண்டி நகர்ந்தபோது
கேனுக்குள் தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
தளும்பிக்கொண்டிருந்தது.
பதில் இன்னும் அனுப்பவில்லை.