தனியே விற்கப்படும்

செத்தால் நூற்றைம்பது திர்ஹம்.
சும்மா ஓடினால் தொண்ணூறு.
பாஸ்ஸூ ஒரே வாரத்தில் பதினோரு முறை செத்து
மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிவிட்டான்.

நாங்கள் யார் என்று கேட்டோம்.
காசாபிளாங்காவிலிருந்து வந்த சலுவா
கோப்பைப் புரட்டிச் சொன்னாள்:
"பகல் பன்னிரண்டு வரை கிராமத்தார்.
சாப்பாட்டுக்குப் பிறகு எதிரிகள்."
தலைப்பாகையை மட்டும் மாற்றிக் கட்டிக்கொண்டோம்.

எந்த நாடு என்று கேட்டோம்.
அது இன்னும் முடிவாகவில்லை.
மூன்று முறை மாற்றியாகிவிட்டதாம்;
கோபித்துக்கொள்ளும் நாட்டிலும்
டிக்கெட் விற்றாக வேண்டுமே.
பலகை எழுத வந்த இட்டோவின் தம்பி
அரபியும் இல்லாமல் எங்கள் எழுத்தும் இல்லாமல்
கொக்கியும் புள்ளியுமாக எதையோ கிறுக்கினான்.
"இதுதான், இதேதான்" என்று தோளில் தட்டினார்கள்.
அன்று முதல் எங்கள் ஊரில்
ஒருவராலும் படிக்க முடியாத ஒரு ரொட்டிக்கடை.

நாயகர்கள் வரவேயில்லை.
காந்தப் படை.
ஒன்பது மீட்டர் உயரம். உள்ளங்கையில் காந்தம்,
எல்லாத் துப்பாக்கியும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.
ஒரு காலத்தில் விற்றுத் தீர்ந்த பொம்மையாம்.
விற்பனை படுத்துவிட்டதும்
அதற்கு ஒரு கதை தேவைப்பட்டது,
கதைக்கு ஒரு போர்.

அவர்களுக்குப் பதில்
நீளக் கம்பின் நுனியில் ஒரு டென்னிஸ் பந்து.
"பந்தைப் பாருங்கள்" என்றான் கர்டிஸ், ஒலிபெருக்கியில்.
"முதலில் பயம். நான் கை காட்டியதும் நன்றி."
நாற்பது பேர் பந்தைப் பார்த்துப் பயந்தோம்.
நாற்பது பேர் பந்துக்கு நன்றி சொன்னோம்.
இட்டோ உண்மையிலேயே அழுதாள்,
கண்ணில் மணல்.
அதைத்தான் போஸ்டரில் போட்டார்கள்.

ஹெலிகாப்டர்கள் மட்டும் நிஜம். இரவல்.
கூடவே ஒருவர் வந்திருந்தார்,
சீருடை இல்லை, ஆனால்
எந்த வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையவில்லை.
மடியில் திரைக்கதை, கையில் நீலப் பென்சில்.
பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுகிற காட்சியில்
குண்டு வரும் திசையை மட்டும் மாற்றச் சொன்னார்.
மரியாதையான மனிதர்.
எங்களோடு தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

கடைசி நாள் என் வீட்டு வாசலில்.
கதவை அளந்தார்கள், நூறு படம் எடுத்தார்கள்.
"உங்கள் மொழியில் கத்துங்கள்.
எதுவானாலும் சரி, ஆத்திரமாக."
எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.
விளக்குக்காரர்கள் பின்கட்டைத் திறந்து போட்டிருந்தார்கள்.
"கதவைச் சாத்துங்கடா, ஆடெல்லாம் வெளியே போகுது!"
ஒரே டேக்.

திரையில் அதன் கீழே
"ஒருவனையும் உயிரோடு விடாதே" என்று எழுத்து ஓடியது.
பாஸ்ஸூ சிரித்த சிரிப்பில்
முன்வரிசைக்காரன் திரும்பி முறைத்தான்.
சுவர் என் மேல் சரிந்தபோது
அரங்கமே கைதட்டியது.
நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன மாதம் மராகேஷில்
ஒரு பெரிய கடை, அட்டைப்பெட்டி அடுக்கில்
என் கதவு.
அதே நீலம். மூன்றாம் பலகையில் விரிசல்.
நான் அடித்து வளைந்த ஆணிகூட வளைந்தபடியே.
'பகைவர் பதுங்குமிடம், பதினேழு பாகங்கள்,
ஆறு வயதுக்கு மேல்.'
விலை நானூற்று நாற்பத்தொன்பது.
மூன்று சாவு, மீதி ஒரு திர்ஹம்.
காந்த வீரன் தனியே விற்கப்படும்.
ஹெலிகாப்டர் தனியே விற்கப்படும்.
ஆடுகளைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

பெட்டியில் ஓட்டை விட்டிருக்கிறார்கள்,
வாங்குமுன் அழுத்திப் பார்க்க ஒரு பொத்தான்.
ஒரு பையன் அழுத்தினான். சுவர் விழுந்தது.
உள்ளேயிருந்து என் குரல், கொசு அளவில்:
கதவைச் சாத்துங்கடா.
மறுபடி அழுத்தினான்.
கதவைச் சாத்துங்கடா.

குனிந்து பார்த்தேன்.
கதவும் சுவரும் ஒரே வார்ப்பு,
திறந்தபடி.
சாத்த வராது.